இரும்புக் காக்காவின் இடது கால்

கோலாலம்பூரில் ஜப்பானியச் சித்திரக்கதை விற்கும் கடைக்குப் போகும்போதெல்லாம் ஒரு காரியம் செய்வேன். ஆங்கிலத்தில் பெயர்த்த மங்கா ஒன்றை எடுத்து, வேண்டுமென்றே இடது பக்கமிருந்து திறப்பேன். முதல் தாளிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கும். நில், தவறான வாசலில் வந்து நிற்கிறாய், புத்தகத்தைத் திருப்பிப் பிடித்து மறுமுனையிலிருந்து வா என்று சொல்லும். பணிக்காலம் முழுவதும் அரசு அலுவலகத்தில் பொதுமக்களை அடுத்த முகப்புக்குத் திருப்பி அனுப்பிய எனக்கு, இத்தனை மரியாதையான திருப்பி அனுப்புதலைப் பார்க்கத் தொழில்முறைப் பொறாமை வரும்.

ஓய்வு பெற்ற பெண் அதிகாரி மக்காவுக்கு உம்ரா போவாள், ரோஜாச் செடி வளர்ப்பாள், மருமகளைக் குறை சொல்வாள் என்று உறவினர்கள் எதிர்பார்த்தார்கள். மூன்றையும் முறைப்படி முடித்துவிட்டுத்தான் மங்காவுக்கு வந்தேன். பிறகு அனிமே எனும் ஜப்பானிய அசைபடம். சோற்றுக் கிண்ணத்திலிருந்து ஆவி எழுவதைக் கூட அவசரப்படாமல் வரைகிறவர்களை எனக்குப் பிடிக்கும். லைட் நாவல் எனப்படும் சிறு புதினங்களும் படிக்கிறேன். அவற்றின் தலைப்புகள் நாங்கள் எழுதிய சுற்றறிக்கைகளின் பொருள் வரியைவிட நீளம். கதாநாயகன் லோரியில் அடிபட்டுச் செத்து, வேறோர் உலகில் பிறக்கிறான். இறப்புச் சான்றிதழ் கிடையாது, குடிநுழைவுச் சோதனை கிடையாது, அடையாள அட்டைக்கு மனுப் போடுவதும் கிடையாது. சில பக்கங்களுக்குள் வாளோடு திரிகிறான். நிர்வாகக் குறைபாடுதான். இருந்தும் விழுந்தவன் எழுவதைப் படிக்கும்போது நானும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

அந்த எச்சரிக்கைத் தாள் எனக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. கிள்ளானில், பத்து வயதில், யாரும் சொல்லாமலே நான் சரியான வாசலைக் கண்டுபிடித்தேன். மாமாவைப் பகிரங்கமாகத் தோற்கடித்துக் கண்டுபிடித்தேன்.

வாப்பாவுக்கு ஜவுளிக்கடை. கீழே கடை, மேலே நாங்கள். ஜப்பான் நைலான் சேலைகளுக்கு அப்போது அப்படியொரு மவுசு. கப்பலில் பேல் பேலாக வரும் துணிப் பொதிகளைத் துறைமுகத்திலிருந்து விடுவித்துக் கொண்டுவருவது மாமாவின் பொறுப்பு. உம்மாவின் தம்பி, பண்டமாரானில் வீடு. வியாழக்கிழமை பிற்பகலில் லோரியோடு வருவார். அந்தி மக்ரிப் தொழுகைக்குப் பிறகு எங்களோடு உட்கார்ந்து குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓதி, சாப்பிட்டுவிட்டுப் போவார். இதற்கு இடைப்பட்ட நேரமெல்லாம் குறும்பு. ஒருமுறை வாப்பாவின் பழைய செருப்புக்கு விலைச்சீட்டு கட்டிக் கண்ணாடி அலமாரியில் வைத்தார். அதை ஒருவர் விலை பேசினார் என்பதுதான் வாப்பாவுக்குக் கடைசிவரை ஆறாத கோபம்.

சனிக்கிழமைகளில் எங்கள் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் ஜப்பான் கார்ட்டூன் ஒன்று வந்தது. கட்டட உயரத்துக்கு ஓர் இயந்திர வீரன், அவன் தலைக்குள் உட்கார்ந்து ஓட்டும் ஒரு பையன், வாரம் ஒரு பூதம். ஆறு வயதுத் தம்பி அந்த வீரனுக்கு இரும்புக் காக்கா என்று பெயர் வைத்திருந்தான். எங்கள் வீடுகளில் காக்கா என்றால் அண்ணன். தம்பிக்கு அண்ணன் இல்லை. நான்தான் இருந்தேன், ஆனால் நான் பறக்கமாட்டேன்.

இரும்புக் காக்கா பறப்பதுபோலவே ஒருநாள் அவனும் பேல் அடுக்கின் உச்சியிலிருந்து பறந்தான். இடது கால் முறிந்தது. மாவுக்கட்டோடு படுத்திருந்தவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தச் சனிக்கிழமை, கடலிலிருந்து எழுந்த பூதம் இரும்புக் காக்காவின் காலைப் பிய்த்து எறிந்தது. அதுவும் இடது கால். தொடரும் என்று போட்டார்கள், தொடரவில்லை. அடுத்த வாரம் பூப்பந்துப் போட்டி. அதற்கடுத்த வாரம் ரப்பர் கன்று நடும் முறை. பிறகு அந்தத் தொடர் வரவே இல்லை. முன்னறிவிப்பில்லாமல் ஒரு சேவையை நிறுத்துவது எத்தனை பேரைப் பாதிக்கும் என்று பிற்காலத்தில் நான் அறிக்கைகள் எழுதியிருக்கிறேன். எழுதும்போது தம்பியின் முகம்தான் நினைவில் இருந்தது.

கட்டைப் பிரித்த டாக்டர் எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது என்றார். இனி தினமும் நடக்க வேண்டும், நடக்காவிட்டால் கால் விறைத்துப்போகும் என்றும் சொன்னார். தம்பி காலைத் தரையில் வைக்க மறுத்தான். வலியா என்றால் இல்லை என்றான். பயமா என்றால் அதுவும் இல்லை. அவனிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி.

"காக்காவுக்குக் கால் வந்துச்சா?"

யாருக்கும் தெரியாது. பெரியவர்கள் வழக்கமான படிமுறையைப் பின்பற்றினார்கள். முதலில் கொஞ்சல், பிறகு மிட்டாய், பிறகு மிரட்டல், மேல்முறையீடாக ஓதி ஊதிய தண்ணீர். எதற்கும் அவன் அசையவில்லை. காக்காவுக்குக் கால் வந்துவிட்டது என்று வாப்பா பொய்யும் சொல்லிப் பார்த்தார். "நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டான் தம்பி. வாப்பா கல்லாவுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

பக்கத்தில் மாலை கட்டி விற்கும் பூக்கடை அக்கா ஒருநாள் ஊசியும் நாருமாக வந்து குந்தினார். "டேய் தம்பி, அது டிவி லா. யாரோ வரைஞ்சது. அதுக்கும் உன் காலுக்கும் என்னாடா?"

"வரைஞ்சவங்க ஏன் திரும்ப வரையல?" என்றான் தம்பி.

அக்கா நாரைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். மாடிக்கும் கடைக்கும் அவனைத் தூக்கிச் சுமந்து உம்மாவுக்கு இடுப்பு வலி வந்தது. தூக்கும்போது அந்தக் கால் ஒரு கட்டைபோல நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து உம்மா முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்.

இந்த நிலையில்தான் ஒரு வியாழக்கிழமை மாமா அக்குளில் ஒரு புத்தகத்தோடு வந்தார். தொலைபேசிப் பட்டியல் அளவு கனம். உள்ளே எல்லாம் படம், ஜப்பான் எழுத்து. "பேல்ல அடைச்சு வந்துச்சு. உன் இரும்புக் காக்கா கதைதான்டா. முடிவு இதுல இருக்கு" என்றார்.

கடையின் பின்பக்கம் மெத்தையில் கிடந்த தம்பி முழங்கையை ஊன்றி எழுந்தான். மாமா அவன் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஊரில் எல்லாப் புத்தகத்தையும் திறப்பதுபோல இடது பக்கமிருந்து திறந்து, கடை முழுக்கக் கேட்கும்படி சொல்ல ஆரம்பித்தார்.

"இந்தா பாரு, மொதல்ல நல்லாத்தான் நிக்கிறான். சூரியன் எல்லாம் பின்னால இருக்கு. இப்ப முட்டி போட்டுட்டான். ஒரு கெழவன் வர்றான், வாயில சிகரெட்டு, கையில ஸ்பானரு. ஐயோ, காலைக் கழட்டுறான்டா! கொட்டாய்க்குள்ள ஒத்தைக் காலோட கெடக்குறான். கடைசியில பூதம் கடல்லேருந்து எந்திரிச்சுச் சிரிக்குது. அவ்வளவுதான். முடிஞ்சுபோச்சு. இன்னா லில்லாஹி..."

"அடேய், செத்தவங்களுக்குச் சொல்றதை எதுக்குச் சொல்றே? நாக்கை அடக்கு!" என்று உம்மா படியிலிருந்து கத்தினார்.

தம்பி அழவில்லை. போர்வையை இழுத்து இடது காலை மட்டும் மூடிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. மாமாவின் மடியிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினேன். கிழித்துப் போடத்தான் பிடுங்கினேன். கிழிப்பதற்கு முன் அந்தக் கிழவரை ஒருமுறை முறைத்துப் பார்த்தேன். அவர் வாயிலிருந்த சிகரெட் என்னைத் தடுத்தது.

காலருகே குனிந்திருக்கும் படத்தில் அது வெறும் துண்டு. மாமா சொன்ன வரிசையில் அடுத்த படத்துக்குப் போனால் பாதி. கொட்டகைக்குள் போனால் முழுசு, அப்போதுதான் தீக்குச்சியைப் பக்கத்தில் கொண்டு போகிறார்.

"மாமா, சிகரெட்டு குடிக்கக் குடிக்க வளருமா?"

"என்னா புள்ளே கேள்வி இது? குறையும்."

"அப்ப இந்தக் கெழவருக்கு மட்டும் ஏன் வளருது?"

மாமா படத்தை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "வேற சிகரெட்டா இருக்கும். புதுசு எடுத்திருப்பான்" என்றார். அதற்குள் பூக்கடை அக்கா வந்துவிட்டார். "எங்க, காட்டு. ஆமா லா! இங்க துண்டு, இங்க முழுசு. கீழ சாம்பலும் கொட்டிக் கெடக்குதே!"

நான் விடவில்லை. மூலையிலிருந்த பக்க எண்களைக் காட்டினேன். மாமாவின் முதல் பக்கத்தில்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய எண் இருந்தது. அவர் புரட்டப் புரட்ட எண் இறங்கியது. எந்த ஊர்ப் புத்தகத்தில் எண் இறங்கும் என்று கேட்டேன். ஜப்பான்காரன் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்வான் என்றார் மாமா. அந்த நொடியில் எனக்குப் பிடிபட்டது. தினமும் சாயங்காலம் அரபியில் குர்ஆன் ஓதப் போகிறவள் நான். வலமிருந்து இடமாகப் போகும் எழுத்தும், வலது அட்டையில் தொடங்கும் புத்தகமும் என் விரல்களுக்கு எப்போதோ பழகிப்போனவை.

"இது ஓதுற கிதாபு மாதிரி! இந்தப் பக்கத்துலேருந்து தொறக்கணும்!"

உம்மா என் தொடையில் கிள்ளினார். எதோடு எதை ஒப்பிடுவது என்ற அளவுகோல் எங்கள் வீட்டில் கண்டிப்பானது. கிள்ளை வாங்கிக்கொண்டே புத்தகத்தைத் திருப்பினேன். பின்னட்டை என்று நாங்கள் நினைத்திருந்தது முன்னட்டை. இரும்புக் காக்கா அதில் வண்ணத்தில் நின்றிருந்தான்.

நான் வாசித்தேன். ஓர் எழுத்தும் தெரியாமல், கடைக்கு வந்தவர்களும் கேட்கும்படி வாசித்தேன். பூதம் கடலிலிருந்து எழுந்து சிரித்தது. கால் போனது. கொட்டகைக்குள் ஒற்றைக் காலோடு படுத்துக் கிடந்தான். கிழவர் வந்தார், சிகரெட்டைப் பற்ற வைத்தார், ஸ்பானரை எடுத்தார். கழற்றவில்லை, மாட்டினார். சிகரெட் குறையக் குறையக் கால் சேர்ந்தது. தம்பி முதலில் கழுத்தைத் திருப்பினான், பிறகு உடம்பை. முட்டி போட்டது விழுவதற்கு அல்ல, எழுவதற்கு என்று நான் சொன்னபோது உட்கார்ந்தே விட்டான்.

"அப்புறம்?"

ஒரே ஒரு பக்கம் பாக்கி. புத்தகத்தை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடையின் மறுகோடிக்கு நடந்தேன். வாப்பா துணி கிழிக்கும் மேசைக்குப் பின்னால் போய் நின்றேன்.

"வந்து பாரு."

"இங்க காட்டு."

"காக்கா எந்திரிச்சுட்டாரு. நீ படுத்துக்கிட்டே பார்ப்பியா?"

தம்பி மாமாவைப் பார்த்தான். தோற்றுப்போன முகத்தோடு மாமா கையை விரித்தார். "எனக்குத் தெரியாதுப்பா. உன் அக்கா சொல்றதுதான் சரி போலருக்கு."

தம்பி பேலைப் பிடித்து எழுந்தான். வலது காலை வைத்தான். இடது காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றான். பிறகு அதையும் வைத்தான். சாதாரணமாக நடந்து வந்தான் என்று நினைக்க வேண்டாம். இரண்டு கைகளையும் விறைப்பாகப் பிடித்து, முட்டியை உயர்த்தி, ஒவ்வொரு அடிக்கும் வாயால் "தும், தும்" என்று சத்தம் கொடுத்துக்கொண்டு வந்தான். ஜெஞ்சாரோமிலிருந்து சேலை வாங்க வந்திருந்த அம்மாள் ஒதுங்கி வழி விட்டார். வாப்பா அளந்துகொண்டிருந்த துணியை அப்படியே விட்டார், அது மேசையிலிருந்து சரிந்து தரையெல்லாம் விரிந்தது. தம்பி அதன் மேல் நடந்தான். ஜவுளிக்கடையில் துணியை மிதிப்பது பெரும் குற்றம். அன்று யாரும் வழக்குத் தொடுக்கவில்லை.

மேசையைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் பார்த்தான். மலை, சூரியன், இரண்டு கால். "நான் சொன்னேன்ல" என்றான். அவன் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மாமா என்னைத் தூக்கி மேசைமேல் நிறுத்திவிட்டு நடைபாதைக்கு ஓடினார். "எல்லாரும் கேட்டுக்குங்க! பத்து வயசுப் புள்ள என்னையத் தோக்கடிச்சிருச்சு! எனக்குப் புத்தகம் தொறக்கத் தெரியலையாம்!" எதிர்க் காப்பிக்கடை முதலாளியான சீனத் தவுக்கே வரைக்கும் செய்தி போயிற்று. தோற்றவர் இவ்வளவு குதிப்பது எனக்கு அப்போது விசித்திரமாகப் படவில்லை. என் வெற்றி அந்த அளவு பெரியது என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓய்வுக்குப் பின் ஒருநாள் அலமாரியை ஒழுங்கு செய்தபோது எடுத்துப் பார்த்தேன். பேலுக்குள் அடைத்து வரும் காகிதம் எங்களுக்குத் தெரியும். கசங்கி, கிழிந்து, மண்ணெண்ணெய் வாடையோடு வரும். இதில் ஒரு மடிப்பு இல்லை. யாரோ ஒரு ஜப்பானிய மாலுமியிடம் மாமா நைச்சியமாகப் பேசி வாங்கி, சட்டைக்குள் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்த புத்தகம் அது. ஆவணங்களின் உண்மைத்தன்மையைச் சோதித்தே சம்பளம் வாங்கியவள் நான். என் கைக்கு வந்த முதல் சான்றைச் சோதிக்கவில்லை. மாமா மவுத்தாகி நெடுங்காலம் ஆகிவிட்டது, விளக்கம் கேட்டு எழுத முகவரி இல்லை.

அன்று மக்ரிப் ஆனது. எல்லாரும் பாயில் உட்கார்ந்தோம். தம்பி தானே படியேறி வந்து, காலை மடக்கி என் பக்கத்தில் உட்கார்ந்தான். மாமா தொப்பியைச் சரிசெய்துகொண்டு யாசீன் கிதாபை எடுத்தார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வியாழன் தவறாமல் அவர் கையில் பார்த்த அதே கிதாபு. பார்க்காமலே அவர் விரல் வலது அட்டையின் ஓரத்துக்குப் போய்விட்டிருந்தது. இருந்தாலும், வென்றவளின் பெருந்தன்மையோடு நான் குனிந்து அவர் காதில் சொன்னேன்.

"மாமா, இந்தப் பக்கத்துலேருந்து தொறக்கணும்."

மாமா விரலை நிறுத்தினார். என்னையும், மடங்கியிருந்த தம்பியின் இடது காலையும் பார்த்தார்.

"அப்படியா? நல்லவேளை சொன்னே புள்ளே" என்றார். நான் காட்டிய பக்கத்திலிருந்து, முதல்முறை திறப்பவரைப்போல, மெதுவாகத் திறந்தார். சரி என்று நான் தலையசைத்தேன்.