ஸாலிஹ் நானாவுக்கு நான் எழுதாத திருத்தம்

அலுவிகாரை ஸாலிஹ் நானா நேற்றுக் காலை மாத்தளை வைத்தியசாலையில் காலமானார். மாரடைப்பு என்று அவரது மருமகன் ரிஸ்வான் தொலைபேசியில் உறுதிப்படுத்தினார். "வழக்கு இன்னும் முடியல்ல சேர்" என்றும் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நானா மிளகும் கராம்பும் வாங்கிக் கலேவெல ஊர்க் கடைகளுக்கு விற்றவர். விலை பேசும்போதே எதிரே நிற்பவரைச் சிரிக்க வைத்துவிடுவார். காணி எல்லைத் தகராறில் அயலவர் ஒருவரைத் தாக்கியதாக அவர்மீது வழக்கு இருந்தது. தாக்கவில்லை என்றே கடைசிவரை சொன்னார். சாட்சிகளுடன் தொடர்பு கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையில் நீதவான் பிணை வழங்கியிருந்தார்.

அந்த வருட நோன்புப் பெருநாளன்று எங்கள் பத்திரிகைக்குப் படமெடுக்கப் பள்ளிவாசலுக்குப் போனேன். தொழுகை முடிந்ததும் வரிசையாக நின்று எல்லோருக்கும் கைகொடுத்து ஸலாம் சொல்வது அங்கு வழக்கம். வரிசை நகர்ந்தபோது நானாவின் கை வழக்கின் சாட்சி ஒருவரின் கைக்குள் இருந்தது. படத்தில் இருபுறமும் நின்றவர்களை வெட்டிவிட்டு, பிணையில் உள்ளவர் சாட்சியைச் சந்தித்தார் என்று படத்துடன் அனுப்பினேன். நானாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பொலிஸார் அந்தச் செய்தியை நீதிமன்றத்தில் காட்டினார்கள். நீதவான் பிணையை ரத்துச் செய்தார். நானா விளக்கமறியலில் இருந்தபோதுதான் மகளின் நிக்காஹ் நடந்தது. தகப்பன் உட்கார வேண்டிய இடத்தில் அவரது தம்பி, மணப்பெண்ணின் சாச்சா, உட்கார்ந்தார். பின்னர் மேல் நீதிமன்றம் அந்தக் கட்டளையை மீளாய்வு செய்தது. வேறொருவர் எடுத்த முழுப் படத்தைச் சட்டத்தரணி கொடுத்தார். வரிசை முழுவதும் அதில் இருந்தது. பிணை திரும்பக் கிடைத்தது. அதை உள்பக்கத்தில் நான்கு வரியில் எழுதினேன். என் பங்கை எழுதவில்லை.

வெளியே வந்த வாரம் பஸ் நிலையத்தில் அவரே என்னைக் கூப்பிட்டார்.

"என்ன ரிப்போட்டர் ஐயா, பெருநாளைக்குக் கையப் பொக்கட்டுல வெச்சிக்கிட்டா நிக்கச் சொல்றீங்க?"

என்னால் சிரிக்க முடியவில்லை.

"கலேவெல கடைக்காரங்க எனக்கு 'பிணை கேன்சல் நானா'ன்னு பேரு வெச்சிட்டாங்க. நீங்க போட்டது பிழைன்னு நீங்களே எழுதுங்க. வேற ஒண்ணும் வாணாம்."

"வழக்கு முடியட்டும் நானா, சேர்த்தே எழுதுறேன்" என்றேன். அது கோழைத்தனம். பிறகு ஒவ்வொரு தவணையிலும் நீதிமன்ற வாசலில் கண்டால் தலையசைப்பார். மறுபடி கேட்டதில்லை.

வழக்கு வரும் செவ்வாய்க்கிழமை அழைக்கப்படுகிறது. மரணச் சான்றிதழ் சமர்ப்பிக்கப்பட்டதும் அது முடிந்துவிடும். குற்றமற்றவர் என்று இனி எந்தத் தீர்ப்பும் சொல்லாது. என் பிழையை ஏற்கும் திருத்தம் வெள்ளிக்கிழமை, அன்றைய செய்தி வந்த அதே பக்கத்தில் வரும் என்று ஆசிரியர் உறுதியளித்திருக்கிறார். நானா, நீங்கள் அதைப் பார்க்கப் போவதில்லை. போய்வாருங்கள்.

நேற்று நானாவை அடக்கிவிட்டு வரும்போது மையவாடி வாசலில் ரிஸ்வானிடம் இதைச் சொன்னேன்.

"கலேவெலக்கும் அந்தப் பேப்பர் போகுமா சேர்?"

"போகும்."

"கடைங்க தொறக்க முந்தியே போயிருமா?"

ஏழு மணிக்குள் போய்விடும், விசாரித்துவிட்டேன் என்றேன்.