பள்ளிவாசலைத் தாண்டியும் இறங்காத கை

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்தக் கல்யாண மண்டபத்தில் வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள். பேண்டு செட்டு பாய் என்றால் என்னைத்தான் சொல்வார்கள். கிழவன் பீற்றிக்கொள்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், இருக்கிறதைத்தானே சொல்கிறேன். பள்ளிக்கூடம் எனக்கு மூணாங்கிளாசோடு சரி. ஊர்வலத்தில் தலையில் டியூப் லைட்டைச் சுமந்துகொண்டு நடந்தவன் நான். பிறகு அதே தெருக்களில் சரிகைப் பட்டை வைத்த கோட்டு மாட்டிக்கொண்டு முன்னால் நின்று டிரம்பெட் ஊதினேன். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஊதுகிறவர் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் எடுத்து ஊதி, உதடு வீங்கி, திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டது. சொந்தமாகச் செட்டு வைத்தேன். திருவொற்றியூரில் மாடி வைத்து வீடு கட்டினேன். இரண்டு பெண்களையும் காலேஜுக்கு அனுப்பினேன். எல்லாம் இந்த நெஞ்சிலிருந்து போன காற்று சம்பாதித்தது.

தம் என்றால் அப்படி ஒரு தம். மணலி ரோட்டில் டேங்கர் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடிக்கும். அத்தனையையும் தள்ளிக்கொண்டு என் ஊதல் போகும். மாப்பிள்ளைக் கார் டிரைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வான்.

அப்படிப்பட்டவன் ஊதுவதை விட்டேன். பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத் கண்டித்தாரா, ஜமாத்தில் ஏதாவது சொன்னார்களா, நெஞ்சில் கோளாறா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒன்றும் கிடையாது. நடந்தது இதுதான்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். யார் வீட்டுக் கல்யாணமானாலும் சரி, யார் வீட்டுச் சாவானாலும் சரி, பள்ளிவாசல் வந்தால் பேண்டு நிற்கும். ஊர்வலம் நிற்காது, வாசிப்பு மட்டும் நிற்கும். முன்னால் போகிற மாஸ்டர் கையைத் தூக்குவார். டிரம் அடிக்கிறவன் குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வான். பள்ளிவாசலைத் தாண்டியதும் மாஸ்டர் கையை இறக்குவார், விட்ட இடத்திலிருந்து மறுபடியும் கிளம்பும். போலீஸ் சொல்லித்தான் செய்வோம் என்றில்லை. அது அப்படித்தான்.

மாஸ்டர் நான், கையைத் தூக்குகிறவனும் நான். அந்தக் கொஞ்ச தூரத்தில் மட்டும் செருப்புகள் தரையில் தேய்கிற சத்தம் கேட்கும். பெண்கள் வளையல் கேட்கும். உள்ளே யாராவது ஓதிக்கொண்டிருந்தால் அதுவும் கேட்கும். வயசுக் காலத்தில் அது எனக்கு மூச்சு வாங்கிக்கொள்கிற இடம், அவ்வளவுதான். ஐம்பதைத் தாண்டி, ஐந்து வேளையும் விடாமல் தொழ ஆரம்பித்த பிறகு கதை மாறியது. ஊர்வலம் கிளம்பும்போதே இன்னும் எத்தனை தெரு தாண்டினால் பள்ளிவாசல் வரும் என்று மனசு பார்க்க ஆரம்பித்தது.

ஒரு சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. எங்கள் தெரு முனையில் இருக்கிற பள்ளிவாசல் வந்தது. கையைத் தூக்கினேன். தாண்டினோம். கை இறங்கவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக. பின்னால் பையன்கள் என் கையையே பார்த்துக்கொண்டு வருகிறார்கள். பால் பூத் போயிற்று. என் வீடு போயிற்று. பேஸ் டிரம்காரன் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்.

"இன்னா மாஸ்டர், தோளு புடிச்சிக்கிச்சா?"

கிளாரினெட் வாசிக்கிறவனை முன்னால் வரச்சொல்லி, நீ நடத்து என்று விட்டுவிட்டு ஓரமாக நடந்தேன். அன்றைக்குப் பிறகு ஊர்வலத்தில் நான் ஊதவில்லை.

வாத்தியம் கூடவே கூடாது என்கிற, மார்க்கம் படித்த ஆலிம்கள் இருக்கிறார்கள். வேறு மாதிரி சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மூணாங்கிளாஸ் படித்தவன் அந்தப் பஞ்சாயத்துக்கு எதற்குப் போக வேண்டும்? இன்றைக்கும் ஊதுகிற பாய்மார்களை நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குக் கிடைத்தது அந்தக் கொஞ்ச தூரத்து அமைதி. அதை இழுத்து நீளமாக்கிக்கொண்டேன்.

செட்டை கிளாரினெட்காரனிடம் கொடுத்தேன். நாற்காலி, பாத்திரம், சாமியானா வாடகைக்கு விடுகிற கடை போட்டேன். அதிலும் ஜெயித்தேன், கேட்கவே வேண்டாம். மிச்சமிருந்தது டிரம்பெட் ஒன்றுதான். விற்றால் இன்னொருத்தன் ஊதுவான், அது யார் கணக்கில் போகும் என்று எனக்குக் குழப்பம். என் வீட்டுக்காரிக்குக் குழப்பமே இல்லை. பித்தளைதானே, பழைய இரும்புக்காரனிடம் போட்டால் பேரீச்சம்பழமாவது தருவான், நோன்பு திறக்க ஆகும் என்றாள். அதற்கும் மனசு வரவில்லை. தலையணை உறையில் சுற்றிப் பரணில் ஏற்றினேன்.

காற்று மட்டும் நெஞ்சில் அப்படியே இருந்தது. தொழுகைக்குப் பாங்கு சொல்லிக் கூப்பிடுகிற மோதினார் ஊருக்குப் போயிருந்தபோது, தம் இருக்கிற ஆள் நீங்கள்தான், பாங்கு சொல்லுங்கள் என்றார்கள். சந்தோஷமாகத்தான் போய் மைக் முன்னால் நின்றேன். ஆரம்பம் நன்றாக இருந்தது. பாதியில் குரல் தானாக மேலே ஏறி, நெளிந்து, மாப்பிள்ளை காரை விட்டு இறங்கும்போது ஊதுவோமே, அந்த வளைவில் போய் நின்றுவிட்டது. வாசலில் மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா எந்த வீட்டில் விசேஷம் என்று திரும்பிப் பார்த்ததாம். தொழுகை முடிந்ததும் ஹஜ்ரத் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"பாய், தொழத்தான கூப்புடறோம். ஊர்வலம் வேணாம். நேரா கூப்புடுங்க, போதும்."

நேராகக் கூப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று ஊதித் தின்றவனுக்குத்தான் தெரியும். அதையும் கற்றுக்கொண்டேன். நான் கற்றுக்கொள்ளாதது எது?

இனிமேல்தான் நெஞ்சை அறுத்த விஷயம். எனக்கு ஒரு தோஸ்து. கடலுக்குப் போகிறவன், சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருக்கிறான். டவுசர் போட்ட காலத்திலிருந்து சிநேகம். அவனுக்குப் பெண் பிறந்தபோது, குழந்தையைக் கையில் வாங்கி, இவள் கல்யாணத்துக்கு நான்தான் ஊதுவேன், வேறு எவனாவது வாயில் வைத்தால் பல்லை உடைப்பேன் என்று சொன்னவன் நான். அந்தப் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் என்று தட்டில் பத்திரிகை வைத்துக்கொண்டு வந்தான். அவன் சம்சாரமும் வந்திருந்தாள். டீ வந்தது. பத்திரிகையை நீட்டிவிட்டு அவன் சொன்னான்.

"ஊருக்கு வுட்டுட்ட, சரி. எனக்கு ஒரு நாளு ஊதுனா உங்க சாமி கோச்சுக்குமா பாய்?"

"கோச்சுக்கறது இல்ல மாமு. எனக்கே வரமாட்டேங்குது."

"வரலியாம். நாலு தெருவ அலறவெச்ச வாயி, இப்ப வரலியாம்."

டீயைத் தொடாமல் எழுந்து போனான். பெண் கல்யாணத்துக்கு நாற்காலியிலிருந்து அண்டா வரைக்கும் என் கடையிலிருந்து சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்பினேன். ராயபுரத்தில் ஏற்கெனவே சொல்லியாயிற்று என்று பதில் வந்தது. என்னை விட்டு ராயபுரத்தில் நாற்காலி. அதைவிட அவன் என்னை அடித்திருக்கலாம். தெருவில் எதிரே வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

வீட்டில் புலம்பினேன். என் வீட்டுக்காரி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அவுரு ஊதலயா கேட்டாரு? உங்களத்தாங்க கேட்டாரு."

ஊதாமல் என்னை எப்படிக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

போகி வந்தது. எங்கள் பக்கத்துப் போகியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பனியும், கொளுத்துகிற கோரைப்பாயும் டயரும் கக்குகிற புகையும் சேர்ந்தால் நீட்டின கை தெரியாது. விடியற்காலை ஃபஜர் தொழுதுவிட்டு வெளியே வந்தால் எதிர்வீட்டுக் கதவே காணோம். கடற்கரைப் பக்கம் பெண்கள் கத்துகிற சத்தம் கேட்டுப் போனேன்.

ரோட்டைக் கடல் தின்றுவிடாமல் இருக்க எங்கள் கரை நெடுக மலை மலையாகக் கல் கொட்டியிருக்கிறார்கள். படகு உள்ளே வர ஓர் இடைவெளிதான். தப்பினால் கல்லில் மோதும். என் தோஸ்து படகு வெளியே நின்றது. கிட்ட வந்துவிட்டோம், ஒன்றும் தெரியவில்லை என்று போனில் சொன்னானாம், அதோடு போன் செத்துவிட்டது. அலை தள்ளிக்கொண்டிருந்தது. அவன் சம்சாரம் கல் மேல் நின்று தகரத்தை அடித்துக்கொண்டிருந்தாள், கல்யாணப் பெண் பக்கத்தில் நின்று, நைனா நைனா என்று கத்திக்கொண்டிருந்தாள். தகரம் அடிப்பதுதான் வழக்கம், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஆனால் அன்றைக்குப் போகி. குப்பம் குப்பமாகப் பிள்ளைகள் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கடலில் இருக்கிறவனுக்கு எது தகரம், எது மேளம்? கரை முழுக்க ஒரே சத்தம்.

இஞ்சின் சத்தம் வடக்கே கேட்டது. அப்புறம் தெற்கே. அப்புறம் கேட்கவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். இந்த வயசில் ஓடினேன் என்றால் நம்புங்கள். பரணைக் காட்டினேன், பேச மூச்சில்லை. என் வீட்டுக்காரி ஸ்டூலைப் போட்டுப் பிடித்துக்கொண்டாள்.

இடைவெளி ஓரத்துக் கல்லில் ஏறி நின்று வாயில் வைத்தேன். முதலில் வெறும் காற்று வந்தது. உதடு மறந்திருந்தது. மறுபடியும் வைத்தேன், வந்தது. வந்த உடனே வலது கை விரல்கள் வால்வைத் தேடிப் போயின. பழக்கம் சும்மா இருக்குமா? அந்தக் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். வால்வை அழுத்தாமல், உதட்டையும் மாற்றாமல் ஊதினால் டிரம்பெட்டில் பாட்டு வராது, ஒரே சத்தம்தான், நேராக. ஹஜ்ரத் சொன்ன மாதிரி நேராக. நெஞ்சு காலியாகும்வரை ஊதினேன், மூச்சு வாங்கினேன், மறுபடி ஊதினேன். மேளம் அடித்த பிள்ளைகள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

இஞ்சின் சத்தம் திரும்பியது. புகைக்குள்ளிருந்து படகு மூக்கு வந்தது. இடைவெளிக்கு நேராக.

அவன் இடுப்பளவு தண்ணீரில் குதித்து ஏறி வந்தான். பெண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றான். புகையில் முகமெல்லாம் கரி.

"இப்ப மட்டும் வந்துச்சா?"

"இது ஊதறது இல்ல மாமு. உன்ன கூப்புட்டேன்."

மேளத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் இந்தத் தம் யாருடையது என்று தனக்குத் தெரியாதா என்று சொல்லி, ஈரக் கையால் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். டிரம்பெட்டை அவன் கையில் கொடுத்தேன். படகில் வைத்துக்கொள், பனியில் யாராவது கூப்பிட ஆகும் என்றேன். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. அவன் ஊதினால் எருமை கத்துகிற மாதிரி இருக்கும்.

ஹஜ்ரத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன், மனசு உறுத்தியதால். முழுசாகக் கேட்டுவிட்டு, படகு வந்து சேர்ந்ததா என்று மட்டும் கேட்டார். வந்தது என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு ஓதப் போய்விட்டார்.

கல்யாணத்துக்கு நான் ஊதுவேனா என்று அவன் மறுபடி கேட்கவில்லை. என் பழைய செட்டைத்தான் ஏற்பாடு செய்திருந்தான். பொண்ணு அழைப்பு எங்கள் தெரு வழியாக வந்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். பள்ளிவாசல் வந்ததும் கிளாரினெட்காரன் கையைத் தூக்கினான், பேண்டு நின்றது. தாண்டியதும் கையை இறக்கினான். ஆனால் பேண்டு கிளம்பவில்லை. காருக்கு முன்னால் நடந்து வந்த என் தோஸ்து தன் கையைத் தூக்கியிருந்தான்.

பால் பூத் தாண்டியது. அவன் கை இறங்கவில்லை. பின்னால் வந்த சொந்தக்காரர்கள் என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார்கள். செருப்புச் சத்தம் கேட்டது. பெண்ணின் வளையல் கேட்டது. அப்படியே என் வாசலுக்கு வந்து நின்றான். மூணாங்கிளாஸ் படித்தவன் வீட்டுக்கு எதிரே, ஒரு ஊர்வலமே வாயை மூடிக்கொண்டு நின்றது.

இறங்கிப் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். என் வீடு பள்ளிவாசல் இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன், வந்தது வேறு.

"போதும், எறக்கு மாமு. பொண்ணு கல்யாணம்."

நானே அந்தக் கையை இறக்கினேன். பேண்டு கிளம்பியது. மண்டபம் வரைக்கும் பெண்ணின் காருக்கு முன்னால், ஆட்டோவையும் பைக்கையும் விலக்கிவிட்டுக்கொண்டு, அவனும் நானும் நடந்தோம்.

புதிதாக டிரம்பெட் ஊதினவனுக்குத் தம் பத்தவில்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.