வாடகைக்குப் போன குரல்

"மெதுவாகப் பேசு" என்று என்னிடம் சொல்லாதவர் எங்கள் மலையில் யாரும் இல்லை. டீச்சர் சொன்னார், பக்கத்து வீட்டார் சொன்னார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்பும்போது அம்மாவின் காதில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கேரளத்தில், பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில் பிறந்தவள் நான். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். முதல் வீட்டில் யாராவது இருமினால் மூன்றாம் வீட்டில் தண்ணீர் எடுத்து வைப்பார்கள். அந்த மாதிரி இடத்தில் என் தொண்டையோடு ஒரு பெண் பிறந்தால், அவளை அடக்குவது எல்லோருக்கும் பொது வேலையாகிவிடுகிறது. சர்ச்சில் பாட்டுக் குழுவுக்குப் பழக்கியவர் என்னைக் கடைசி வரிசையில் நிறுத்தி, "நீ பாட வேண்டாம், வாயை மட்டும் அசை" என்றார். அந்தக் கிறிஸ்துமஸ் முழுவதும் வாயை அசைத்தேன். கடவுள் கொடுத்ததைக் கடவுளின் வீட்டிலேயே மூடி வைக்கச் சொன்ன அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

கல்யாணமாகி நானும் கொழுந்து பறிக்கப் போக ஆரம்பித்த பிறகு, அந்தக் குரலுக்கு ஒரு வேலை கிடைத்தது. ஒருநாள் காலையில் என் கணவர் வீட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஃபாக்டரிக்குப் போய்விட்டார். அவர் எதிர் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார். நான் இங்கிருந்து கூப்பிட்டேன், அவர் திரும்பினார். கீழே ரோட்டில் ஜீப்பை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த மைக் செட்காரரும் திரும்பினார். விழாக்களுக்கும் கூட்டங்களுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர் அவர். மறுவாரமே வீட்டுக்கு வந்து, ஜீப்பில் உட்கார்ந்து அறிவிப்புப் படிக்க வருகிறீர்களா என்று கேட்டார்.

போனேன். தமிழிலும் மலையாளத்திலும் படித்தேன். சிலவற்றை அவர் பதிவு செய்தும் வைத்துக்கொண்டார். சர்ச் திருவிழா, கண் பரிசோதனை முகாம், புதுத் துணிக்கடை, தேர்தல். காலையில் ஒரு கட்சிக்கும் மத்தியானம் இன்னொரு கட்சிக்கும் அதே தொண்டையால் ஓட்டுக் கேட்டிருக்கிறேன். என் முகம் தெரியாதவர்களுக்கும் என் குரல் தெரிந்திருந்தது. ஒருமுறை தமிழ் வாசகம் ஒன்று தப்பாக இருந்ததால் மாற்றிப் படிக்கட்டுமா என்று கேட்டேன். எழுதினதைப் படித்தால் போதும் என்றார் மைக் செட்காரர்.

இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் எரிவது இதற்குத்தான்: "தோட்டத் தொழிலாளர்களே, உங்கள் லயங்களின் ஒழுகும் கூரைகளை மாற்றித் தருவோம்" என்று நாள் முழுக்கப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து, என் கூரை ஒழுகும் இடத்தில் பாத்திரத்தை நகர்த்தி வைத்திருக்கிறேன். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. படித்தது யாரோ எழுதியது, ஒழுகுவது என் வீடு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு சுவர் இடிய வேண்டியிருந்தது.

எங்கள் லயத்துக்குப் பின்னால் மண் சரியாமல் இருக்க ஒரு பழைய கல்கட்டு உண்டு. போன மழைக்காலத்துக்கு முந்தைய மழைக்காலத்தில், ஒரு மத்தியான நேரம், அது இடிந்து பக்கத்து வீட்டு அடுப்படிக்குள் வந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்காவின் கால்மேல் கல் விழுந்தது. போர்வையில் கிடத்தி ஜீப்புக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் அழவில்லை. அடுப்பில் உலை இருக்கிறது, யாராவது இறக்கி வையுங்கள் என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடுத்த வாரம் தோட்டத்து கிளப்பில் கூட்டம் போட்டார்கள். எஸ்டேட் அதிகாரி ஒருவரும் பஞ்சாயத்து மெம்பரும் வந்தார்கள். நீதான் பேசணும், உனக்குத்தான் குரல் இருக்கு என்று பெண்கள் என்னை முன்னால் தள்ளினார்கள். நான் எழுந்து மைக்கைப் பிடித்தேன். வாயைத் திறந்ததும் வந்தது, "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே." ஜீப்பில் படிக்கிற அதே இழுப்பு. பின்னால் யாரோ சிரித்தார்கள். சுவர் இடிந்ததையும் எங்கள் துன்பத்தையும் அதே ராகத்தில் சொல்லிக்கொண்டே போனேன். அதிகாரி கேட்டு முடித்துவிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று மலையாளத்தில் கேட்டார்.

"நியாயம் வேணும்" என்றேன்.

அது எல்லோருக்கும் வேண்டியதுதானே என்றார். பிறகு, நல்ல சத்தம், ரேடியோவுக்கு முயற்சி செய்யலாமே என்றார். கூட்டம் சிரித்தது. எங்கள் பெண்களும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து சோற்றுப் பானையைப் போட்டு உடைக்காததுதான் குறை. அவர்மேல் கோபம், சிரித்தவர்கள்மேல் கோபம். எல்லாவற்றையும்விட என் தொண்டைமேல் கோபம். இத்தனை வருஷம் ஊரான் வார்த்தையைச் சுமந்து சுமந்து, சொந்தமாக ஒரு வாக்கியத்தைத் தூக்கத் தெரியாமல் போயிருந்தது அதற்கு. குரல் இருந்தால் பேச்சு தானாக வந்துவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். கை பலமாக இருக்கிறது என்பதற்காகக் கவாத்துக் கத்தி தானாகச் செடியை வெட்டிவிடுமா?

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் கணவரும் ஓடைப் பக்கம் விறகெடுக்கப் போவோம். தண்ணீர் இரைச்சலில் அங்கே யார் என்ன கத்தினாலும் மேலே கேட்காது. அவரைப் பாறைமேல் உட்கார வைத்து, நீங்கள்தான் அதிகாரி என்றேன். அவர் வீட்டில் அதிகம் பேசாதவர். அதிகாரியானதும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு மலையாளம் பேச ஆரம்பித்தார். இவருக்குள் இப்படி ஒருவர் இருந்திருக்கிறாரே என்று அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. நான் பேசி முடித்ததும் அவர் மேலே போட்ட காலை இறக்கினார்.

"நீ பேசுனா காது நெறயுது. என்ன கேட்டேங்கிறதுதான் நெனப்புல நிக்க மாட்டேங்குது."

வீடு வரைக்கும் விறகோடு அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். அடுத்த ஞாயிறு மறுபடியும் பாறையில் உட்கார வைத்தேன்.

"ஒத்த பேச்சுல சொல்லு. ஒனக்கு என்ன வேணும்?" என்றார்.

"மேல் டிவிஷன்ல பூட்டிக் கெடக்குற வீடு." தோட்டத்தின் மேல் பகுதியில் ஒரு லயமே ஆளில்லாமல் கிடந்தது.

"அதக் கேளு. கேட்டுட்டு நில்லு. நான் பதில் சொல்ற வரைக்கும் வாயத் தொறக்காத."

அதுதான் கஷ்டமாக இருந்தது. கத்துவது எனக்கு மூச்சு விடுவது போல. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு எதிராளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு மாதக்கணக்கில் பழக வேண்டியிருந்தது. அவர் வேண்டுமென்றே பேச்சை மாற்றுவார், ரோட்டைப் பற்றிச் சொல்வார், பொறுமை வேண்டும் என்பார். நான் சீறுவேன். சீறினால் நீ தோற்றாய் என்று எழுந்து விறகைக் கட்டப் போய்விடுவார்.

அப்புறம் பள்ளிக்கூடத்தில் கிராம சபை கூடியது. அதே எஸ்டேட் அதிகாரியையும் கூப்பிட்டிருந்தார்கள். மைக் கட்டியவர் என்னை ஜீப்பில் ஏற்றிப் போகும் அதே ஆள். எல்லாம் பேசினார்கள், எங்கள் லயத்தைத் தவிர. நான் எழுந்து முன்னால் போவதற்குள், நேரமாகிவிட்டது என்று சொல்லி மெம்பர் கையசைத்தார். மைக் செட்காரர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து மைக்கை அணைத்தார்.

அணைத்ததுதான் நல்லது. நான் நின்ற இடத்திலிருந்தே கேட்டேன்.

"மேல் டிவிஷன்ல வீடு பூட்டிக் கெடக்கு. கல்கட்டு இடிஞ்ச லயத்துல இருக்கறவங்கள அங்க என்னைக்கு மாத்துவீங்க?"

கேட்டுவிட்டு நின்றேன். வெளியே ஜீப் ஸ்டாண்டில் நின்றவர்கள் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். பரிசீலிக்கிறோம் என்றார் அதிகாரி. அதே கேள்வியை, ஒரு சொல் மாற்றாமல், திரும்பக் கேட்டேன். அவர் மழையைப் பற்றியும் கம்பெனியின் கஷ்டத்தைப் பற்றியும் பேசினார். முடியும் வரை காத்திருந்து மறுபடி கேட்டேன். இந்த முறை என் பக்கத்தில் கால் அடிபட்ட அக்கா கம்பை ஊன்றி எழுந்து நின்றார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

"திங்கட்கிழமை சாவி தராம்" என்றார் அதிகாரி, தருகிறோம் என்று.

"அத மைக்குல சொல்லுங்க சார்."

மைக் செட்காரர் மறுபடி குனிந்து மைக்கைப் போட்டார். அதிகாரி அதை அதில் சொன்னார்.

திங்கட்கிழமை சாவி வரவில்லை. நாங்கள் வேலைக்குப் போகாமல் ஆபீஸ் வாசலில் நின்ற பிறகுதான் வந்தது. எங்கள் வரிசை மேல் டிவிஷனுக்கு மாறியது. இடிந்த கல்கட்டை இன்னும் யாரும் கட்டவில்லை, அதன்மேல் தார்ப்பாய் கிடக்கிறது. அக்காவின் கால் சரியாகவில்லை. மைக் செட்காரர் அதன்பிறகு என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் என் பழைய பதிவுகளைப் போட்டுக்கொண்டு ஜீப் இன்னும் சுற்றுகிறது. சில நாள் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போது கீழே ரோட்டிலிருந்து என் குரலே எனக்குத் தள்ளுபடி அறிவிக்கும். அப்போது பக்கத்தில் இருப்பவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

இப்போது மற்ற டிவிஷன்களிலிருந்து பெண்கள் வருகிறார்கள். தண்ணீர் வரவில்லை, கக்கூஸ் கதவு இல்லை, எங்களுக்காக வந்து பேசு என்கிறார்கள். மாட்டேன் என்கிறேன். ஒங்க வீட்டுக் கதவுக்கு நான் எதுக்கு ஒலிபெருக்கி என்று கேட்கிறேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள், தலைக்கனம் பிடித்தவள் என்று சொல்லவும் செய்கிறார்கள். சொல்லட்டும். ஒருத்தி மட்டும் போகவில்லை. கீச்சுக் குரல், நாலு பேர் இருந்தால் நடுங்குகிற உடம்பு. ஆனால் அவள் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள், கடையில் அழுகிய வெங்காயத்தை மாற்றாமல் நகர மாட்டாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தொண்டை, ஒனக்கு அந்தப் பிடிவாதம், அதை எடுத்துக்கிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். என் கணவர் அவளுக்கும் அதிகாரியாக உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.