ஜெனீவாவின் தலையில் போட்ட பழி

என் அக்காள் கணவரின் ஒரு வருட விளைச்சலை நாசமாக்கியவன் நான். நாசமாக்கிவிட்டு, உலக வணிகத்துக்கு விதி எழுதும் ஜெனீவா சபையின் மேல் பழியைப் போட்டேன். கைதட்டலும் வாங்கினேன்!

சிரிக்காதீர்கள். நீங்களும் அன்று தட்டியிருப்பீர்கள்.

மச்சானுக்குச் செந்துறைப் பக்கம் முந்திரித் தோப்பு. ஆப்பிரிக்கக் கொட்டை கப்பல் கப்பலாக வந்ததில் விலை படுத்திருந்தது. எரிந்துபோன போர்வெல் மோட்டாரை மாற்ற அவருக்கு இந்த விளைச்சலை விட்டால் வேறு வழியில்லை. ஆனாலும் தோப்புக்கே வண்டியோடு வந்த வியாபாரியைத் திருப்பி அனுப்ப வைத்தேன்.

"இறக்குமதி அளவு மீறினா வரியை ஏத்திக்கலாம்னு ஜெனீவாவுலயே விதி இருக்கு மச்சான். கொட்டையை வைங்க, விலை ஏறும்."

"மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நான் படித்திருந்தது பாதிக் கட்டுரை! மீதியைப் பிறகு படித்தேன். விதி உண்டு, ஆனால் நம் முந்திரி ஆலைகளே அந்த ஆப்பிரிக்கக் கொட்டையை நம்பித்தான் ஓடுகின்றன. வரியை யார் ஏற்றுவார்கள்?... சபையின் மேல்முறையீட்டு மன்றத்தில் உட்கார நீதிபதியே இல்லை என்றும் அதில் இருந்தது.

அன்றே ஒரு போன் போட்டு விற்கச் சொல்லியிருக்கலாம். வியாபாரி ஜெயங்கொண்டத்தில்தான் இருந்தார். ஏன் செய்யவில்லை? டீக்கடையில் மச்சான் என் மேதைமையைப் பரப்பிக்கொண்டிருந்தார்... என் மூஞ்சி எனக்குப் பெரிதாகப் பட்டது. வேறென்ன?

மழை வந்தது. சரியாகக் காயாத கொட்டை மூட்டைக்குள்ளேயே வேர்த்து, பருப்பு கருத்துப்போனது.

அடுத்து பெரம்பலூரில் ஒரு விவசாயக் கூட்டம். நான் மேடையில், மச்சான் முன்வரிசையில். முழங்கினேன்: பணக்கார நாடு மானியத்தை வாரி இறைக்கலாம், நாம் கொடுத்தால் குற்றமா? வக்கீல் வைக்க வக்கில்லாத நாட்டுக்கு ஜெனீவா சபையின் வாசல் திறந்திருந்து என்ன? என் மச்சானின் கொட்டையைக் கருக்கியது அந்தச் சபைதான்!

மானியமும் வக்கீலும் உண்மை. அதுதான் கொடுமை! அந்த உண்மைகளுக்கு அடியில் என் பொய்யைப் பதுக்கினேன். அந்தச் சபையும் இல்லாவிட்டால் வலுத்தவன் வைத்ததே சட்டம் என்பதும் எனக்குத் தெரியும். அதை விழுங்கிவிட்டேன்.

மோட்டார் இன்னும் மாற்றப்படவில்லை. அவரிடம் இதுவரை நான் வாய் திறக்கவும் இல்லை... உங்களிடம் சொல்வது சுலபம்.

அன்று கூட்டம் முடிந்து திரும்புகையில், அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடி மச்சான் சொன்னார்:

"நல்லாத்தான் பேசுனீங்க மாப்ள. ஆனா ஜெனீவாக்காரன் எவனும் வந்து எங்கிட்ட கொட்டையை வையின்னு சொல்லலீங்களே."