வெறும் தரைக்கு ஊற்றிய தண்ணீர்

வெயிலுகந்தம்மாள் குடியிருந்தது கோவில்பட்டிக்குக் கிழக்கே, பாளையக்காரர் காலத்துப் பழைய ஊரில். வெளியூர்க்காரர்கள் வந்து இடிந்த கோட்டைச் சுவரைப் படம் பிடித்துக்கொண்டு, "குடுத்து வச்சவங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். இருக்கிறவர்களுக்கல்லவா தெரியும், மண்வெட்டியைத் தொடவே யோசிக்கிற சங்கதி. தெற்குத் தெரு பூவனநாதன் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது, செத்தவர்களை வைத்துப் புதைத்த பழங்காலத்து ஈமத்தாழி கிடைத்ததென்று யோக்கியமாகப் போய்ச் சொன்னார். தொல்லியல் அதிகாரிகள் வந்து மனையைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். மூன்று வருஷமாக மனுஷன் வாடகை வீட்டில் கிடக்கிறார்.

தொண்ணூற்றெட்டு தை மாதம். மகள் சுதாராணி சித்திரையில் தலைப்பிரசவத்துக்கு வருகிறாளே என்று, வெயிலுகந்தம்மாளும் புருஷன் வேல்சாமியும் கொல்லையில் கக்கூசுக்குக் குழி தோண்டினார்கள். இடுப்பளவு ஆழம் போகுமுன் கடப்பாரை ஓட்டில் பட்டது. பெரிய தாழியின் வாய். உடைந்த பக்கம் வழியே பல்லோடு ஒரு தாடை தெரிந்தது.

"மூடிருங்க," என்றாள். அந்த நாலு சென்ட், தீப்பெட்டி ஆபீஸில் இருபது வருஷம் அவள் குச்சி அடுக்கிச் சேர்த்தது. "வெளிய மூச்சு விட்டீங்கன்னா நாமளும் வேலிக்கு வெளியதான்."

மூடிய மண் சும்மா கிடக்கவில்லை. கரிசல் அல்லவா, பங்குனி வெயிலுக்குக் குழியின் அளவுக்கு அப்படியே வட்டமாக வெடித்தது. இங்கே தோண்டி மூடியிருக்கிறார்கள் என்று குருடனுக்கும் தெரியும். பயம் அவளை ஒரு வாய் சோறு தின்னவிடவில்லை. வெடிப்பு அடைய, விடிந்ததும் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். பத்து நாளைக்கு ஒருதரம் குழாய் வருகிற ஊரில், செடி இல்லை, கொடி இல்லை, வெறும் தரைக்கு. ஊற்றும்போதெல்லாம் உள்ளே கிடக்கிறவர் வாய் திறந்து குடிப்பதுபோலத் தோன்றும். "சாமி, கோவிச்சுக்கிடாதீங்க" என்று கும்பிட்டுவிட்டுத்தான் திரும்புவாள்.

அந்தக் கும்பிடுதான் வினையாகப் போயிற்று. பக்கத்து வீட்டு ராமலட்சுமி ஒரு மாதமாக அதை வேலி வழியே பார்த்திருக்கிறாள். இவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நேராகத் தெருவுக்குச் சொல்லிவிட்டாள். சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை வெயிலுகந்தம்மாள் வேலை முடிந்து வந்தால், ஈரத் தரையில் மஞ்சள், குங்குமம், நட்டு வைத்த வேப்பங்குலை. சுற்றிலும் தெருவே நின்றது.

"எதுக்கு மதினி மறைச்சீங்க?" என்றாள் ராமலட்சுமி. "அம்மன் கேட்டுத்தான தெனம் தண்ணி ஊத்துதீங்க? ஊர்ல மழ இல்லாததுக்கு இப்பத்தான காரணம் தெரியுது. இங்கனயே பீடம் கட்டிருவோம்."

அம்மன் கேட்கவில்லை என்றால், பின்னே ஏன் ஊற்றினாய் என்பார்கள். தாழி என்றால் கம்பிவேலி. கக்கூசுக் குழி என்று சொன்னாலோ, மஞ்சள் பூசிய கையாலேயே அடிப்பார்கள். வேல்சாமியைப் பார்த்தாள். அவர் கும்பிட வந்தவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். சுதாராணி வயிற்றைப் பிடித்தபடி அடுப்படி வாசலில் நின்றாள்.

ராமலட்சுமி மண்வெட்டிக்குப் பொட்டு வைத்து அவள் கையில் கொடுத்தாள்.

"அம்மன் மொதல்ல வந்தது உங்ககிட்டதான். மொத வெட்டு நீங்க வெட்டுங்க மதினி. அஸ்திவாரத்துக்கு இடுப்பளவு தோண்டுனாப் போதும்."