எவரும் கைவிடாத நான்கு மரங்கள்

கடற்கரையில் சிற்பக் கண்காட்சி என்று கேட்டாலே எனக்கு இன்றும் கோபம் வரும். சிற்பங்களோடு எனக்கு எந்த விரோதமும் இல்லை. போன மாதம் கடையில் கூட வேலை செய்யும் பெண்கள் வார விடுமுறையன்று என்னைப் பெசன்ட் நகருக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். மணல் நெடுக இரும்பிலும் கல்லிலும் செய்த உருவங்களை நிறுத்தி, ஒவ்வொன்றின் காலடியிலும் 'தொடாதீர்கள்' என்று பலகை வைத்திருந்தார்கள். கூட வந்தவர்கள் ஒவ்வொரு சிற்பத்தோடும் செல்பி எடுத்துக்கொண்டிருக்க, நான் சுண்டல் பொட்டலத்தோடு ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாக்கா, சிலை உன்ன கடிச்சிடுமா?" என்று ஒருத்தி கேட்டாள். சிரித்து மழுப்பினேன். தி.நகரில் புடவைக் கடையில் இருபது வருடமாக நிற்கிறேன். புடவையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன். என்னைப் பற்றிப் பேசத்தான் வராது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பட்டினப்பாக்கம் குப்பத்தில் கடலைப் பார்த்த வரிசையில் எங்கள் வீடு. நைனாவுக்கும், அம்மாவின் தம்பியான என் மாமாவுக்கும் பொதுவாக ஒரு கட்டுமரம் இருந்தது.

கட்டுமரம் படகு மாதிரி எந்நேரமும் முழுசாக இருக்காது. கடலுக்குப் புறப்படும்போதுதான் நான்கு மரங்களையும் சேர்த்து வைத்துக் கயிற்றால் கட்டுவார்கள். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் புரட்டிப் போட்டுவிடுவார்கள். தண்ணீர் குடித்த மரம் நன்றாகக் காய்ந்தால்தான் மறுநாள் லேசாக மிதக்கும். காயாவிட்டால் கனத்துப்போய் ஆளைக் கொன்றுவிடும். காயப்போட்ட மரத்துக்கு எங்கள் குப்பத்தில் யாரும் காவல் இருந்ததில்லை. எது யாருடைய மரம் என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

அந்த மரங்களுக்கு மரியாதையும் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும், நடுமரம் என்று நாங்கள் சொல்லும் பெரிய மரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவார் நைனா. செருப்புக் காலோடு யாரும் அதன்மேல் ஏற மாட்டார்கள். பெண் பிள்ளைகள் மரத்தைத் தாண்டவே கூடாது. பள்ளிக்கூட மணி அடித்துவிட்டால்கூட நான் நான்கு மரங்களையும் சுற்றிக்கொண்டுதான் ஓடுவேன். பெண்ணுக்கு மட்டும் ஏன் இந்தச் சட்டம் என்று இப்போது நினைத்தால் அதற்கும் கோபம் வருகிறது. ஆனால் அது வேறு கோபம்.

அன்று சனிக்கிழமை. நெத்திலி அள்ளி அள்ளிக் கிடைத்துக்கொண்டிருந்த நாட்கள். விடியலில் போய் வந்த களைப்பில் நைனாவும் மாமாவும் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மணலில் காய்ந்த நெத்திலியைக் காக்கை கொத்தாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. வெயிலுக்குப் பயந்து நாய்கூட வெளியே வராத நேரத்தில் ஒரு லாரி வந்து நின்றது. தாடி வைத்த ஒருவர், ஜோல்னா பை போட்ட நான்கைந்து இளைஞர்கள், பெரிய பொட்டு வைத்த ஒரு அம்மா இறங்கினார்கள். தாடிக்காரர் எங்கள் மரங்களைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து தடவிப் பார்த்தார். அந்த அம்மா என்னிடம் வந்தார்.

"பாப்பா, இந்தக் கட்டையெல்லாம் சும்மாதானே கிடக்கு? நாங்க எடுத்துட்டுப் போகட்டுமா?"

கார் வைத்திருப்பவர்கள் பேசுவது போன்ற தமிழில் அதுவரை யாரும் என்னிடம் நேராகப் பேசியதில்லை. தலையை ஆட்டினேன். சரி என்று ஆட்டினேனா, வேண்டாம் என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது. அவர் என்னை விட்டுப் போனால் போதும் என்று ஆட்டினேன். அவர் என் கன்னத்தைத் தட்டி, பளபளக்கும் தாளில் சுற்றிய ஒரு சாக்லேட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனார். இளைஞர்கள் மூச்சுப் பிடித்து மரங்களை ஒவ்வொன்றாக லாரியில் ஏற்றினார்கள். வீடு ஐம்பது அடி தூரம். ஒரு குரல் கொடுத்திருந்தால் மாமா எழுந்து ஓடி வந்திருப்பார். அந்த ஒரு குரல் எனக்கு வரவில்லை. லாரி போன பிறகு சாக்லேட்டைத் தின்றுவிட்டுத் தாளை மணலில் ஆழமாகப் புதைத்தேன்.

சாயங்காலம் குப்பமே கூடிவிட்டது. மரம் காய்ந்ததா என்று பார்க்க வந்த நைனா, மரம் கிடந்த பள்ளங்களைப் பார்த்தபடி நின்றார். மாமா குதித்தார்.

"எவன் எடுத்துக் குடுத்தான்னு தெரியட்டும். அவன் கைய ஒடிக்காம நான் சோறு துன்ன மாட்டேன்!"

சொன்னபடியே அன்று அவர் சாப்பிடவில்லை. அம்மா என்னைப் பிடித்து உலுக்கி, "நீ அங்கதானடி குந்திக்கினு இருந்தே, இன்னா பாத்தே?" என்று கேட்டாள். தூங்கிவிட்டேன் என்று சொன்னேன். அதற்கும் ஒரு அடி விழுந்தது. கடைசியில் ஐஸ்காரர்தான் துப்புக் கொடுத்தார். பெசன்ட் நகர் மணலில் யாரோ பொம்மைகள் நட்டுக்கொண்டிருக்கிறார்கள், மரம் ஏற்றிய ஒரு லாரியும் அங்கேதான் போனது என்றார்.

மறுநாள் காலை நைனாவும் மாமாவும் புறப்பட்டார்கள். இருவருக்கும் படிக்கத் தெரியாது. "புள்ளயக் கூட்டிக்கினு போ, பலகை கிலகை இருந்தா படிக்கும்," என்று அம்மா என்னையும் அனுப்பிவிட்டாள். அடையாறு சுற்றிக்கொண்டு போன பஸ்ஸில் நான் யார் முகத்தையும் பார்க்காமல் குனிந்தே வந்தேன். பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நைனா என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தார்.

மணலில் ஒரே கூட்டம். தலையில்லாத இரும்புப் பெண், ஓட்டை போட்ட கல், எதற்கென்று தெரியாத சக்கரங்கள். மக்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டே தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். அவற்றையெல்லாம் தாண்டி, தண்ணீருக்குக் கிட்டே எங்கள் மரங்கள் நின்றன. எப்போதும் படுத்துக்கிடக்கும் மரங்களை அடிப்பக்கம் மணலில் புதைத்து நெட்டுக்குத்தாக நிறுத்தியிருந்தார்கள். பாதிக்கு மேல் வெள்ளை பெயின்ட். பெயின்ட் படாத கீழ்ப்பாதியில், நடுமரத்தில் வெள்ளிக்கிழமை வைத்த குங்குமம் கடல்நீரிலும் அழியாமல் கறையாக இருந்தது. நைனா கிட்டே போய் அந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"இன்னா எழுதிக்கீது, படி," என்றார் மாமா. நான் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். மேலே பெரிதாக, 'தனிமை'.

"நாலு பேரு ஒண்ணா நிக்கறானுங்க, இதுல இன்னாடா தனிமை?" என்றார் மாமா. "கீழ படி."

'கடற்கரையில் கைவிடப்பட்ட மரங்கள்.'

மாமாவின் முகம் கறுத்துவிட்டது. "கைவுட்டதா? எவன்டா கைவுட்டான்?"

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் போட்டோவுக்காக ஓரத்து மரத்தில் சாய்ந்து, குதிகால் உயர்ந்த செருப்பை மரத்தின்மேல் ஊன்றினாள். "ஏம்மா, கால எடு! செருப்பக் கழட்டு! அது எங்களுக்குச் சோறு போடுற மரம்!" என்று மாமா போட்ட சத்தத்தில் அவள் அலறிக்கொண்டு ஓடினாள். கூட்டம் சிரித்தது. இதுவும் கண்காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்து ஒருவர் கைகூடத் தட்டினார். அந்தக் கைதட்டல் இப்போதும் என் காதில் இருக்கிறது. அவரை இன்று பார்த்தாலும் நான்கு வார்த்தை கேட்பேன். கேட்க வருமா என்பது வேறு விஷயம்.

காவலாளி கம்போடு வந்தான். பின்னாலேயே தாடிக்காரரும் பொட்டு வைத்த அம்மாவும் வந்தார்கள். நான் நைனாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன்.

தாடிக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதை மாமாவுக்கு இன்னும் வெறியேற்றியது. கேட்பாரற்றுக் கிடந்த மரங்களுக்குத் தான் ஒரு புது வாழ்வு கொடுத்திருப்பதாகவும், அடுத்த ஞாயிறுவரை அவை இங்கேதான் நிற்க வேண்டும் என்றும் சொன்னார்.

"அது காயப்போட்ட மரம் சார்," என்றார் நைனா.

"உங்கூட்டு மாடில வேட்டி காயுது சார். யாரும் பக்கத்துல இல்ல. நான் எடுத்துக்கினு போயி கொம்புல கட்டி, 'அநாத வேட்டி'ன்னு எழுதி வெக்கட்டா?" என்றார் மாமா. கூட்டம் மறுபடியும் சிரித்தது. இந்த முறை தாடிக்காரரைப் பார்த்துச் சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் அந்த அம்மா பேசினார். "நாங்க ஒண்ணும் திருடலைங்க. கேட்டுட்டுதான் எடுத்தோம். மணல்ல ஒரு சின்னப் பொண்ணு இருந்தா. அவதான் எடுத்துக்கச் சொல்லித் தலையாட்டினா."

"எந்தப் பொண்ணு? ஆளக் காட்டு!" என்றார் மாமா.

அந்த அம்மா கூட்டத்தில் தேட ஆரம்பித்தார். நான் நைனாவின் கைலியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, முகத்தை அதில் புதைத்தேன். தலைக்கு மேலே நைனாவின் குரல் கேட்டது.

"ஆமாம்மா. நான்தான். யாராச்சும் வந்து கேட்டா குடுத்துடுன்னு அந்தப் பொண்ணாண்ட நான்தான் சொல்லி வெச்சிருந்தேன். மறந்தே பூட்டேன்."

"இன்னா மாமா சொல்ற?" என்று மாமா நைனாவைப் பார்த்துக் கத்தினார்.

"உடு மச்சான். ஒரு வாரந்தான. இருந்துட்டுப் போவட்டும்."

எட்டிப் பார்த்தேன். நைனா ஒரு கையை இடுப்பில் வைத்து, உடம்பைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டு, அந்தப் பெரிய மனிதர்கள் முன்னால் நின்றிருந்தார். பணக்காரர் வீட்டு வாசலில் ஏழைகள் கூனி நிற்பார்களே, அப்படி. தாடிக்காரர் அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த அம்மா, "பார்த்தீங்களா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். யாரோ போட்டோகூட எடுத்தார்கள். மாமா எங்கள் இருவரையும் பார்க்காமல் மணலில் காறித் துப்பிவிட்டு நடந்தே போய்விட்டார்.

நெத்திலி அள்ளி அள்ளிக் கிடைத்த அந்த ஒரு வாரமும் எங்கள் வீட்டிலிருந்து யாரும் கடலுக்குப் போகவில்லை. ஞாயிறு கழித்து மரங்கள் திரும்பி வந்தன. ஒரு தகரத் துண்டை வைத்து நைனா பெயின்ட்டைச் சுரண்டினார். எவ்வளவு சுரண்டியும் முழுசாகப் போகவில்லை. மாமா வேறொருவர் கட்டுமரத்தில் சேர்ந்துவிட்டார். தன்னைக் கேட்காமல் தானம் செய்கிறவரோடு தனக்கென்ன கூட்டு என்று அம்மாவிடம் சொல்லியனுப்பினார். அடுத்த ஆடித் திருவிழா வரைக்கும் நைனாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நானும் பேசவில்லை. எனக்கு அவ்வளவு ஆத்திரம். நான் தலையாட்டியது யாருக்கும் தெரியாமல் போனதில் நிம்மதிதான். ஆனால் ஜெயித்துக்கொண்டிருந்த சண்டையை நைனா ஏன் ஒரு பொய் சொல்லித் தோற்கடித்தார்? கார்க்காரர்களைக் கண்டு நடுங்கிவிட்டார் என்று முடிவுகட்டினேன். அவர் தட்டில் சோறு போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒரு நாள் மாமா வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டு, "உங்க நைனா ஏன்டி அப்பிடிச் சொன்னாரு?" என்று கேட்டார்.

"பயந்துட்டாரு," என்றேன்.

நைனா பத்தடி தள்ளி உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழாமல் இருந்திருக்க வழியில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அடுத்த கண்ணியைப் பின்ன ஆரம்பித்தார்.

நைனா போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. சென்ற தீபாவளிக் கூட்டத்தில், கடைக்கு ஒரு அம்மா நான்கு வயதுப் பெண்ணோடு வந்திருந்தாள். வாசலில் இருந்த துணிக்கடைப் பொம்மையைப் பார்த்து மிரண்டுபோன அந்தக் குழந்தை, அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு புடவையைக் கொத்தாகப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. கொசுவம் அவிழ்ந்துவிடாமல் அம்மாக்காரி ஒரு கையை இடுப்பில் அழுத்தி வைத்து, இழுத்த இழுப்புக்கு உடம்பை வளைத்தபடியே என்னிடம் புடவை கேட்டுக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த புடவையை மடிக்க மறந்து அவள் நின்ற விதத்தையே பார்த்தேன். இதே வளைவை, இதே கையை நான் எங்கே பார்த்தேன் என்று நினைத்தேன். நினைவு வந்ததும் அடுத்த வாடிக்கையாளரை வேறொருத்தியிடம் அனுப்பிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கைலி அவிழாமல் இருக்கத்தான் நைனா இடுப்பில் கை வைத்திருந்தார். இரண்டு கைகள் பின்னாலிருந்து இழுத்தபோதே அந்தச் சின்னப் பெண் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது வயதில் எனக்கு அவர் நின்றது கும்பிடு போடுவது மாதிரி இருந்தது.