மே மாதத்து மாத்திரைகள்

மார்கழிப் பனியில் கொடைக்கானலே கம்பளிக்குள் சுருண்டு கிடந்தபோது, என் மகள் பெனிட்டா மட்டும் ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்தாள். பதினோரு வயது. "வேர்க்குதும்மா" என்றாள். திமிர் என்று திட்டினேன். நாலு ஆள் சோற்றைத் தின்றும் மெலிந்தாள், எழுதும்போது விரல் நடுங்கியது. அதற்குப் பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப்போனேன்.

கிரேவ்ஸ் நோய் (உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தூண்டி அதிகமாகச் சுரக்க வைப்பது) என்றார் டாக்டரம்மா. கார்பிமசோல் (அந்தச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை) எழுதிக்கொடுத்தார். குறைந்தது இரண்டு வருடம், நாமாக நிறுத்தக் கூடாது. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. ஏப்ரலில் ஒரு மழை நாளில் "குளிருதும்மா" என்று அவளே ஸ்வெட்டரைக் கேட்டு வாங்கிப் போட்டாள். எனக்கு அதுதான் ரிசல்ட்.

மே மாதம் எங்களுக்கு சீசன். நானும் கணவரும் லாட்ஜில் வேலை பார்க்கிறோம். அந்த மாதம் பிள்ளைகளைக் கீழே சொந்தக்காரர் வீட்டில் விடுவது எங்களைப் போன்றவர்களின் வழக்கம். பெனிட்டாவை வத்தலக்குண்டில் கணவரின் அக்கா ரூத் மதினியிடம் விட்டேன். தினமும் போனில் மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் வெள்ளனே போட்டுட்டா, நீ ஒஞ் சோலியப் பாரு" என்றார்.

போடவில்லை. ஜெபக் கூட்டத்தில் யாரோ தலையில் கைவைத்து, சுகமாகிவிட்டது என்றிருக்கிறார்கள். இனியும் மாத்திரை கொடுத்தால் அவிசுவாசம் என்று மதினி நிறுத்திவிட்டார். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று பிள்ளை வாயையும் அடைத்துவிட்டார். வத்தலக்குண்டு வெயிலில் எல்லோருக்கும்தான் வேர்க்கும். இவள் வேர்வையை யார் கண்டார்கள்?

ஜூனில் மலைக்கு வந்த மறுநாளே ஸ்வெட்டரைக் கழற்றினாள். பையைக் கொட்டிப் பார்த்தேன். மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. அப்போதுதான் பெனிட்டா எல்லாவற்றையும் சொன்னாள்.

"பாதியில நிறுத்துனது தப்புதாங்க" என்றார் டாக்டரம்மா. "ஆனா ஒழுங்கா போட்டு முடிச்ச பிள்ளைங்களுக்கும் இது திரும்ப வர்றது உண்டு. அவங்க மேலயே கோவத்த வச்சுக்கிட்டு இருக்காதீங்க."

நல்ல மனுஷி. அவர் சொன்னதில் இந்த ஒன்றை மட்டும் நான் கேட்கவில்லை.

மதினியிடம் வாய் திறக்க வேண்டாம் என்று கணவரைத் தடுத்தேன். நானே போன் போட்டு, எங்கள் தெரு ஜெபக் கூட்டத்தில் பெனிட்டா சுகமானதைப் பற்றிச் சாட்சி (கடவுள் செய்த நன்மையை எல்லோர் முன்னும் எழுந்து சொல்வது) சொல்ல மதினியை அழைத்தேன். ஆசையாக வந்தார். முழுதாகச் சொல்லி முடிக்க விட்டேன். பிறகு பெனிட்டாவின் மணிக்கட்டில் அவர் விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன்.

"ஒரு நிமிசம் எண்ணுங்க மதினி."

உதடு அசைய எண்ணினார். பாதியில் கையை இழுக்கப் பார்த்தார், நான் விடவில்லை. "போதும்டி மேரி."

"நிமிசம் இன்னும் முடியல."

முடிந்தது. "எம்புட்டு?" என்றேன்.

"நூத்தி முப்பத்தெட்டு."

"சுகமாயிட்ட பிள்ளைக்கா?"

கூட்டத்தில் ஒருவர்கூட ஆமென் சொல்லவில்லை. பெனிட்டா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை நடுவில் நிறுத்தியதற்கு மட்டும் எனக்கு வருத்தம்.

உங்கள் பிள்ளைக்கும் இதே நோய் என்றால், யாரிடம் விட்டாலும் பிள்ளை மாத்திரையை விழுங்குவதை வீடியோ காலில் பாருங்கள். வாய்ச் சொல்லை நம்பாதீர்கள்.

இரண்டு வருடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. ஒரு ரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்தது வரைதான் எங்களுக்கு நாள் ஓடுகிறது. தலை பின்னும்போதுகூட என் விரல் அவள் கழுத்துத் துடிப்பைத் தேடுகிறது. எண்ணாமல் அவளைத் தொட எனக்கு மறந்துவிட்டது.

மதினி தினமும் போன் செய்கிறார். அழுதுகொண்டே ஒரே கேள்வி: "பிள்ள ஸ்வெட்டர் போட்டாளா?"

"இன்னும் இல்ல மதினி" என்கிறேன்.

போட்டு மூன்று வாரம் ஆகிறது.